ஆயாம்மா தனியாக இருக்கும் நாளுக்கான திட்டம்: கூடலூர் அங்கன்வாடியில் ஒரு சிக்கிள் செல் குழந்தை

குழந்தையின் பெயரையும் காலனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. நீலகிரி மாவட்டம், கூடலூர் தாலுகா, ஒரு பழங்குடிக் காலனியை ஒட்டிய அங்கன்வாடி, அங்கே நான் பணியாளர், எனக்கு உதவியாளராக ஓர் ஆயாம்மா, பதிவேட்டில் பதினெட்டுக் குழந்தைகள். இவ்வளவு தெரிந்தால் போதும். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சரே, வேற பிள்ளைக்காவது ஆகட்டும்" என்றார். உடல்நலத்தில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தை உங்கள் மையத்துக்கு வந்தால் எப்படித் திட்டம் போடுவது என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது, நான் செய்த தப்பையும் சேர்த்து.

குழந்தை

எங்களிடம் வந்தபோது இரண்டே முக்கால் வயது, எடை 11 கிலோ சொச்சம். ஒரு வயது நிறைவதற்கு முன்பே இரண்டு கையும் பாதமும் பன் மாதிரி வீங்கி, தொட்டாலே அலறியிருக்கிறான். விழுந்திருப்பான் என்றார்கள், பூச்சி கடித்திருக்கும் என்றார்கள், ஒரு கிளினிக்கில் சத்துக் குறைவு என்று இரும்பு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை வீங்கியபோதுதான் மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்து சிக்கிள் செல் நோய் என்று சொன்னார்கள். சின்னக் குழந்தைகளிடம் இந்த நோய் முதலில் தலைகாட்டுவதே பெரும்பாலும் இப்படிக் கை கால் வீக்கமாகத்தான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கே இந்தப் பையன் வர வேண்டியிருந்தது.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நாங்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. நல்ல சிவப்பணு வட்டமாக, நெகிழ்வாக இருக்கும், எவ்வளவு மெல்லிய குழாயிலும் நெளிந்து போய்விடும். இந்த நோயில் ஹீமோகுளோபினில் ஒரே ஓர் இடத்தில் பிசகு, அதனால் ஆக்சிஜன் குறையும்போது அணு அரிவாள் போல வளைந்து விறைத்துக்கொள்கிறது, குழாயில் சிக்கி அடைக்கிறது, அடைத்த இடத்தில் எலும்பைப் பிழிவது மாதிரி வலி. நல்ல அணு 120 நாள் இருக்கும், இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அதனால்தான் எப்போதும் இரத்தசோகை, அதனால்தான் கண்ணில் லேசான மஞ்சள். குளிர், உடம்பில் நீர் குறைவது, தொற்று, அளவுக்கு மீறிய ஓட்டம் எல்லாம் அடைப்பைத் தூண்டும். அம்மா அப்பா இருவரிடமும் இந்த மரபணு ஒரு பாதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர. பாதி மட்டும் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஒரு தொந்தரவும் இருக்காது, தங்களிடம் இருப்பதே தெரியாது.

நம் மலைக்கு இது புதிதல்ல. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவில் இந்த அரிவாள் அணுவைக் கண்டு எழுதியது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். கூடலூரில் அஸ்வினி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, 40 வயது வரை உள்ள ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று அறிவித்தபோது பலருக்கு அது புதுச் செய்தி, எங்கள் காலனிப் பாட்டிமார்களுக்கு இல்லை. பெயர் தெரியாமல், வலியை மட்டும் தெரிந்தவர்கள் அவர்கள்.

முதல் திட்டம்

சேர்த்த வாரமே ஒரு திட்டம் எழுதினேன். மருத்துவமனைச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோயின் பெயர், மருந்துகள், மருத்துவமனை எண், தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பக்கம் முழுக்க, அழகான கையெழுத்தில். "காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்" என்ற வரிக்கு அடிக்கோடும் போட்டிருந்தேன். சூப்பர்வைசர் மேடம் பார்த்துப் பாராட்டினார். ஃபைலில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன், சாவி என் கைப்பையில்.

ஆடி மாதம். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் மழை நிற்பது என்பது கிடையாது, சற்று மெலியும், அப்புறம் வலுக்கும். அன்று எனக்கு மாதாந்திரக் கூட்டம். ஆயாம்மா தனியாகப் பதினான்கு பிள்ளைகளோடு. பதினொரு மணி வாக்கில் பையன் முட்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், சாப்பிடவில்லை. தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. ஆயாம்மா தன் பேரப்பிள்ளைக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். ஸ்வெட்டரைக் கழற்றினார், குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியிலும் நெஞ்சிலும் போட்டார், காற்று வரட்டும் என்று கதவோரம் பாயில் படுக்க வைத்தார். அம்மாவுக்குப் போன் போட்டார், கொழுந்து பறிக்கும் இடத்தில் டவர் இல்லை. மீதிப் பதின்மூன்று பேரை விட்டுவிட்டு எங்கே போவது? காத்திருந்தார்.

அம்மா வந்தது நாலரைக்கு. வீட்டில் இருந்த காய்ச்சல் சிரப்பைக் கொடுத்ததும் சூடு இறங்கியது, தூங்கினான், சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். விடியற்காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்து ஜீப் பிடித்துக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் பிடித்துக்கொண்டது. ஆக்சிஜன், இரத்தம், ஒன்பது நாள்.

நான் பார்க்கப் போனபோது என் திட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனேன், எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தேன் என்று காட்ட. டாக்டர் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க டீச்சர். யார் படிக்கறதுக்காக எழுதினீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. ஆயாம்மாவை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். பீரோ சாவி என்னிடம் இருந்தது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூட அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

காய்ச்சல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

இந்த நோயில் மண்ணீரல் சின்ன வயதிலேயே பழுதாகிவிடுகிறது. இரத்தத்தில் நுழையும் சில கிருமிகளை, முக்கியமாக நிமோகாக்கஸை, வடிகட்டிப் பிடிப்பது அதன் வேலை. அது இல்லையென்றால் மற்றக் குழந்தைக்கு இரண்டு நாளில் போய்விடும் காய்ச்சல் இவனுக்குச் சில மணி நேரத்தில் உயிருக்கே வரும். அதனால்தான் ஐந்து வயது வரை தினமும் இரண்டு வேளை பென்சிலின் கொடுக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பென்சிலின் சாப்பிட்ட குழந்தைகளுக்கு அந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்திருந்தது. நிமோகாக்கல் தடுப்பூசியும் அதற்குத்தான். தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து அது எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகப் போடப்படுகிறது, இவனுக்குக் கூடுதலாக இன்னொரு வகையும் போட்டார்கள்.

சிரப் கொடுத்து சூடு இறங்கினால் நோய் இறங்கிவிட்டதாக அர்த்தமில்லை. இது எங்கள் எல்லோருக்கும் மண்டையில் ஏற அந்த ஒன்பது நாள் தேவைப்பட்டது.

இரண்டாவது திட்டம்: ஒரு சாயங்காலம்

அவன் வீடு திரும்பிய வாரம், வேலை முடிந்த பிறகு, அங்கன்வாடியிலேயே உட்கார்ந்தோம். அம்மா, பாட்டி, ஆயாம்மா, கிராம சுகாதார நர்ஸ், நான். பாட்டி உள்ளே வராமல் வாசற்படியிலேயே குந்தியிருந்தார், ஆனால் அன்று அதிகம் சொன்னவர் அவர்தான். நான் நோட்டை விரித்து "நோயின் பெயர்" என்று ஆரம்பிக்கப் போனேன். ஆயாம்மா குறுக்கே கேட்டார்: "டீச்சர், அதெல்லாம் அப்புறம். நான் மட்டும் இருக்கேன், மழை பெய்யுது, இவன் சோர்ந்து உக்காந்துட்டான். நான் முதல்ல எதைக் கையில எடுக்கணும்?"

திட்டம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. காலையில் அவன் படி ஏறுவதிலிருந்து சாயங்காலம் அம்மா தூக்கிக்கொண்டு போவது வரை நாளை அப்படியே நடந்து பார்த்தோம், ஒவ்வொரு இடத்திலும் ஆயாம்மா தனியாக இருப்பதாக வைத்துக்கொண்டு.

படி ஏறும் இடத்திலேயே முதல் சிக்கல். காலனியிலிருந்து வரும்போதே நனைந்துவிடுகிறான். குடை பிடித்தாலும் கால் நனையும், ரப்பர் செருப்பில் சகதி அடித்து முழங்கால் வரை ஈரம். குளிர் இவனுக்கு வலியைக் கூப்பிடும் அழைப்பு. அதனால் வந்ததும் மாற்ற ஒரு செட் டிராயர், சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ், எங்கள் அலமாரியில் தனி டப்பாவில். துவட்டி, மாற்றி, சாக்ஸ் போட்ட பிறகுதான் வேறு வேலை. உட்காரும் இடம் கதவோரத்திலிருந்து அடுப்பங்கரைச் சுவர் ஓரத்துக்கு மாறியது, சிமெண்ட் தரையில் சாக்கு, அதன்மேல் பாய். இவனுக்கு மட்டும் என்று செய்தால் கண்ணை உறுத்தும் என்பதால் எல்லாப் பாய்க்கு அடியிலும் சாக்கு போட்டோம். அதன் பிறகு மற்றப் பிள்ளைகளும் மழை நாளில் பாயைவிட்டு எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள் என்பது எதிர்பாராத லாபம்.

அடுத்து தண்ணீர். 12 கிலோவுக்கு வந்துவிட்ட பையனுக்கு நாள் முழுவதும் ஒன்றேகால் லிட்டர் உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் கணக்குச் சொன்னார். எங்கள் பங்குக்கு நூறு மில்லி பிடிக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஐந்து. மழைக்காலத்தில் எந்தப் பிள்ளை தண்ணீர் கேட்கும்? வெறும் வெந்நீரைத் துப்பினான். பாட்டிதான் வழி சொன்னார்: சீரகத் தண்ணீர், இளஞ்சூட்டில், அல்லது உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். அதைக் குடித்தான். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு புளியங்கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு ஆயாம்மா மாற்றுவார். மதியம் கிண்ணத்தைப் பார்த்தாலே எத்தனை ஆயிற்று என்று தெரிந்துவிடும், யாரும் எழுத வேண்டாம், படிக்க வேண்டாம்.

தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வேண்டும் அல்லவா. இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாது, அடிக்கடி போகும், அடக்கவும் முடியாது. முன்பு டிராயரை நனைத்துவிட்டால் "இவ்வளவு பெரிய பையன்" என்று நானே அதட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் மனம் கசக்கிறது. கழிப்பறை வெளியே, மழையில் பத்தடி நடக்க வேண்டும். உள்ளேயே ஒரு மூலையில் மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரம் வைத்தோம், கேட்காமலே போகலாம், யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது.

இரும்புச்சத்து சிரப் பற்றியும் பேசினோம். ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி. வரிசையில் நிற்க வைத்து வாயில் விட்டுக்கொண்டே போவோம், கை பழகிப்போன வேலை. இவனுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது என்றார்கள். அணு உடைவதால் வரும் இரத்தசோகை இது, இரும்பு குறைந்து வந்ததல்ல, அடிக்கடி இரத்தம் ஏற்றினால் உடம்பில் இரும்பு சேரவும் செய்யும். பரிசோதித்துப் பார்த்து இரும்பு நிஜமாகவே குறைந்திருந்தால் அவர்களே எழுதித் தருவார்கள், அதுவரை ஃபோலிக் அமிலம் மட்டும், அதுவும் வீட்டில். சிரப் பாட்டிலின் கழுத்திலேயே அவன் பையில் நாங்கள் தைத்திருக்கும் மஞ்சள் பூத் துணியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டேன். பாட்டிலைத் தூக்கும்போதே பூ கண்ணில் படும்.

101

இப்போது காய்ச்சலுக்கு வருகிறேன். திட்டத்தில் "காய்ச்சல் வந்தால்" என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். எது காய்ச்சல்? கையால் தொட்டா? டாக்டரிடம் எண்ணாகக் கேட்டேன், 101 என்றார். ஆயாம்மாவுக்குப் படிக்க வராது, ஆனால் போன் நம்பர் அழுத்துவார், ரேஷன் எடை பார்ப்பார், எண் நன்றாகத் தெரியும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினோம். அக்குளில் எங்கே வைப்பது என்று நர்ஸ் காட்டினார்: குழியின் நடுவில், நுனி தோலை ஒட்ட, சட்டை இடையில் வராமல், கையை மடக்கி நெஞ்சோடு அணைத்து, பீப் சத்தம் வரும்வரை விடாமல். பையனை மடியில் குறுக்காக உட்கார வைத்துக்கொண்டு ஆயாம்மா பழகினார். முதல் மூன்று தடவை நுனி வெளியே நீட்டிக்கொண்டு 95 காட்டியது. நாலாவது தடவை 97.9. தினமும் மதியம் தூங்குமுன் பார்த்துவிடுவது என்று வைத்தோம். அவசர நாளில் முதல் தடவையாகக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்காக.

101 அல்லது அதற்கு மேல் என்றால் யோசிக்க வேண்டாம், என்னைக் கேட்க வேண்டாம், அம்மாவுக்காகக் காத்திருக்க வேண்டாம், வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். எண் அதற்குக் கீழே இருந்து பையன் துவண்டு கிடந்தாலும் அதேதான். ஈரத்துணி கூடாது, ஸ்வெட்டர் கழற்றக் கூடாது, போர்த்தித் தூக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒரு கண்டம் தப்பியது. வழியில் கொடுக்க பாராசிட்டமால் 150 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அம்மா கொண்டுவந்த பாட்டிலைப் பார்த்து நர்ஸ் நிறுத்தினார். கடையில் இரண்டு வலுவில் கிடைக்கிறது: 5 மில்லியில் 125 இருப்பது ஒன்று, 5 மில்லியில் 250 இருப்பது இன்னொன்று. முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. பாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மாற்றிக் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். ஆகவே 125 வலு பாட்டில் மட்டும்தான் எங்கள் டப்பாவில் இருக்கும் என்று முடிவு செய்து, ஊசி போடும் சிரிஞ்சில் ஊசியை எடுத்துவிட்டு 6 மில்லியில் சிவப்பு நெயில்பாலிஷ் கோடு போட்டோம். கொடுக்கலாம் என்று டாக்டரும் அம்மாவும் கையெழுத்திட்ட தாள் டப்பாவுக்குள்ளேயே. இந்தத் தாள் இல்லாமல் எந்தப் பணியாளரும் எந்த மருந்தையும் கொடுக்க வேண்டாம், பிள்ளையின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும்.

அப்புறம் ஆயாம்மாவின் பழைய கேள்வி: இவனை நான் கொண்டுபோனால் மீதிப் பிள்ளைகளை யார் பார்ப்பது? எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. அன்று அவரைக் கட்டிப்போட்டதே அதுதான். காலனி முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் பேசினோம், கூப்பிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். 108ஐயும் கூப்பிட வேண்டும், ஆனால் எங்கள் சாலைக்கு அது ஏறி வருவதற்குள் ஷேர் ஜீப் பாதி தூரம் போய்விடும், அதனால் இரண்டு ஜீப் டிரைவர்களின் எண், முன்கூட்டியே பேசி வைத்தது. வாடகை யார் தருவார் என்ற தயக்கத்தில் ஐந்து நிமிடம் போகக் கூடாது என்று டப்பாவில் ஓர் உறையில் ஐந்நூறு ரூபாய். அம்மா தினமும் வெவ்வேறு தோட்டத்துக்குப் போகிறவர், போனை நம்ப முடியாது. காலையில் பையனை விடும்போது இன்று எந்தத் தோட்டம் என்று சொல்லிவிட்டுப் போவார், நான் சிலேட்டில் எழுதுவேன். நான் இல்லாத நாளில் ஆயாம்மா கடைக்கார அக்காவின் காதில் போட்டுவிடுவார்.

வலி, வயிறு, கண்

வலி வந்தால் இவன் அழமாட்டான். அது எங்களை ஏமாற்றிய இடம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்துவான், ஒரு காலை மடக்கி அணைத்துக்கொள்வான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். வலிக்கு அவன் வீட்டுப் பாஷையில் சொல்லும் மழலைச் சொல்லைப் பாட்டியிடம் கேட்டு ஆயாம்மா மனப்பாடம் செய்துகொண்டார். வலித்தால் சூடு, சீரகத் தண்ணீர், மடி. ஐஸ் வைக்கவே கூடாது. அடிபட்டால்கூட இவனுக்கு ஐஸ் கிடையாது.

மண்ணீரலில் திடீரென இரத்தம் தேங்கி வீங்குவது இன்னோர் ஆபத்து. சில மணி நேரத்தில் பிள்ளை வெளிறிப்போய்விடும். அம்மாவுக்கு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, வலது கையின் விரல்களைத் தட்டையாக வைத்துத் தொப்புள் பக்கத்திலிருந்து இடது விலா எலும்பை நோக்கி மெதுவாக நகர்த்திக்கொண்டு போனால், ஓர் ஓரம் விரலில் தட்டும். இவனுக்கு விலாவுக்குக் கீழே இரண்டு விரல் அகலம், அது இவனுடைய வழக்கமான அளவு. அதைவிடக் கூடினால், உதடும் உள்ளங்கையும் வெளுத்தால், 101க்கு என்ன செய்வோமோ அதேதான். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, நடை திடீரென மாறினாலோ அதேதான், ஏனென்றால் இந்த நோயில் சின்னப் பிள்ளைக்கும் பக்கவாதம் வரலாம். எது வந்தாலும் செய்வது ஒன்றே என்று வைத்ததில் ஆயாம்மாவுக்கு நிம்மதி.

கண்ணின் மஞ்சளால் வேறொரு தொல்லை. இரண்டு அம்மாக்கள் மஞ்சள் காமாலை ஒட்டிக்கொள்ளும் என்று தங்கள் பிள்ளைகளை இவன் பக்கத்தில் உட்கார வைக்காதே என்றார்கள். என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, அது அவன் குடும்பத்தின் விஷயம். அம்மாவிடம் கேட்டேன், அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, அம்மாக்கள் கூட்டத்தில் தானே எழுந்து சொன்னார்: இது இரத்தத்தில் பிறந்தது, ஒட்டாது, என் வீட்டில் எல்லோரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் திட்டத்தாளைச் சுவரில் ஒட்டவில்லை, அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினோம், பூட்டு இல்லாமல். படங்களாக: தெர்மாமீட்டர், பெரிய 101, ஜீப், கடைக்கார அக்காவின் கடை. படம் வரைந்தது காலனியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்.

நடந்தது

முதல் மூன்று மாதத்தில் ஐந்து தடவை ஜீப் போனது. மூன்று தடவை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள், ஒரு தடவை வார்டில் இருந்தவர் ஒருவர் சின்னக் காய்ச்சலுக்கெல்லாம் வந்துவிடுகிறீர்களே என்றார், ஆயாம்மா வாடிப்போய்த் திரும்பினார். டாக்டரிடம் சொன்னேன், வாருங்கள், திருப்பி அனுப்பினால் நல்லது என்று சந்தோஷப்படுங்கள் என்றார். ஐந்தாவது தடவை 102.4. நான் கூட்டத்தில் இருந்தேன். ஆயாம்மா எனக்குப் போன் செய்ததே மருத்துவமனையிலிருந்துதான். நரம்பு வழியாக மருந்து ஏற்றி, நாலே நாளில் வீடு.

சரியாக வராததும் உண்டு. திட்டம் எழுதிய கொஞ்ச நாளிலேயே அவனுக்கு மூன்று வயது நிறைந்தது. பென்சிலின் 125 மில்லிகிராமிலிருந்து 250 ஆக வேண்டும். எங்கள் தாளில் பழைய அளவே இரண்டு மாதம் இருந்தது, நல்ல வேளையாக வீட்டில் சரியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் பிறந்தநாளிலும், வைகாசி முடிந்து மழை இறங்குவதற்கு முன்பும் தாளை எடுத்துப் பார்ப்பது என்று வைத்தோம். எடை கூடினால் பாராசிட்டமால் கோடும் மேலே ஏற வேண்டும். ஆயாம்மா ஒரு வாரம் விடுப்பில் போனபோது பக்கத்து மையத்திலிருந்து வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அந்த வாரம் முழுக்க நான் நகரவே இல்லை. இப்போது மாற்றாக வருபவருக்கு முதல் அரை மணி நேரம் அலமாரிக் கதவின் முன்னால்தான்.

நாலு வயதில் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைத் தொடங்கினார்கள், வலி வருவது நன்றாகக் குறைந்தது. அந்தக் காப்ஸ்யூலைக் கர்ப்பிணிகள் வெறுங்கையால் தொடக் கூடாது. அம்மா அப்போது ஐந்து மாதம். அதனால் அது பாட்டியின் பொறுப்பாயிற்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் சேர்ந்திருக்கிறது என்பதை எனக்குச் சொன்னது வருடம் இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அலைந்த கதை தனி, அதை இங்கே இழுக்கவில்லை.

இதற்கிடையில் வலிப்பு வரும் ஒரு பெண் குழந்தை சேர்ந்தாள். அவளுக்குத் திட்டம் போட அரை நாள்தான் ஆனது. அதே மாதிரி அம்மா, பாட்டி, ஆயாம்மா, அதே கேள்வி. ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதுவும் திணிக்காமல் இருப்பது, கையில் சாவிக்கொத்தைக் கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்ப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஜீப். நான் பேனாவை எடுக்கும் முன்பே ஆயாம்மா கடைக்கார அக்காவைக் கூட்டிவந்துவிட்டார்.

இந்த ஜூனில் பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். பென்சிலினை நிறுத்துவதா தொடர்வதா என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அந்த டீச்சரைப் பார்க்கப் போனோம், நான் தாளைக் கொண்டுபோனேன், ஆயாம்மா டப்பாவைக் கொண்டுவந்தார். நான் நோயைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன், டீச்சர் தலையாட்டிக்கொண்டு குறிப்பெடுத்தார். ஆயாம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பையனைப் பெஞ்சில் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, தெர்மாமீட்டரை டீச்சர் கையில் கொடுத்தார். "எழுதினது போதும் டீச்சரம்மா, ஒரு தரம் வெச்சுப் பாருங்க. நுனி வெளிய நீட்டிட்டா 95 காட்டும்." பையன் தானாகவே கையைத் தூக்கிக் காட்டினான்.